கடைசி எழுத்தை விழுங்கும் லேப்டாப்

வேலந்தாவளத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "ஏனுங்க வாத்தியாரே, உங்க பழைய லேப்டாப்புல லினக்ஸ் போட்டீங்களே, இன்னும் ஓடுதுங்களா? என்ற கடையில ரெண்டு மிஷின் அதே கதியில கெடக்குதுங்க. மாத்திப் போடலாங்களா?"

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இலவச இயங்குதளம். ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன். மாற்றலாமா என்பதற்கு உடனே வாய் வரவில்லை. அந்தப் பதில்தான் இது.

என் லேப்டாப் 2014-ல் கோயமுத்தூரில் வாங்கியது. இன்டெல் நாலாம் தலைமுறை ஐ3. பிறகு ராமை எட்டு ஜிபி ஆக்கி, ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டேன். விண்டோஸ் 10 நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கிடையாது என்றார்கள். சரி, 11-க்குப் போவோம் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசர் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்று திரையில் சிவப்பாக ஒரு குறி. அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு விசைகூடத் தேயவில்லை, திரையில் ஒரு புள்ளி சாகவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அள்ளிக்கொண்டு வரும் புழுதியை வருடா வருடம் ஃபேனிலிருந்து துடைத்து வளர்த்த பொருள். அதைக் காயலான் கடைக்கு அனுப்பு என்று யாரோ தேதி குறித்தால் மனசு ஒப்புமா?

2024 ஓண விடுமுறையில் லினக்ஸில் ஒரு வகையான மின்ட் 22 போட்டேன். உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு. முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறக்கினேன். அரை மணி நேர வேலை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் என் மகளிடமிருந்து வந்தது. எட்டாம் வகுப்பு. லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஸ்கூல்ல இருக்கறதுதானேப்பா" என்றாள். கேரளப் பள்ளிகளில் மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் உபுண்டுவை வைத்து உருவாக்கிய லினக்ஸ்தான் எல்லாக் கணினியிலும். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள். படம் வரைய இங்க்ஸ்கேப், வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, கடிதம் எழுத லிப்ரே ஆபீஸ் என்று பாடப்புத்தகமே அப்படி. வீட்டுக்கு வந்தால் வேறொரு உலகம் என்றிருந்த அவளுக்கு இப்போது பள்ளியில் பாதியில் விட்ட படத்தை வீட்டில் முடிக்க முடிகிறது. இத்தனை வருஷம் பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று அவளைத் திண்டாட விட்டதற்கு எனக்கு வருத்தமாக இருந்தது.

வேகத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மூடியைத் திறந்தால் திரை காத்திருக்கிறது. ஃபேன் சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. பாடம் நடத்தும்போது நடுவில் அப்டேட் என்று சொல்லித் தானாக அணைந்ததே இல்லை.

இனி, என்னை வாட்டும் விஷயம்.

நான் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டுகிறவன். 'அம்மா' என்பதற்கு ஏ, கே, கே, கியூ என்று நாலே விசை. இரண்டு ம அடுத்தடுத்து வந்தால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. இந்த விசைப்பலகையின் அழகே அதுதான். மின்ட்டின் கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ்99 என்று ஒன்று இருந்தது. ஆசையாகச் சேர்த்தேன். புள்ளி விழவில்லை. அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் தெரிந்த ஏற்பாடு. முந்தைய எழுத்து என்னவென்று திரும்பிப் பார்க்கத் தெரியாது. ஒவ்வொரு புள்ளியையும் எஃப் விசையைத் தட்டி நானே வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருள் பொட்டலத்தைத் தனியாக நிறுவினால் உண்மையான தமிழ்99 வரும் என்று தெரிந்தது. பெயர் சரியாக இருப்பதை முன்னால் வைத்துவிட்டு, வேலை சரியாகச் செய்வதை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். தெரியாதவர் முதல் நாளே 'தமிழுக்கு லினக்ஸ் ஆகாது' என்று எழுந்து போய்விடுவார்.

சரி, கண்டுபிடித்தாயிற்று, புள்ளியும் விழுகிறது. ஆனால் கடைசி எழுத்து காணாமல் போகிறது.

க என்று தட்டினால் அது உடனே தாளில் உட்காராது. அடுத்து ஆ வந்தால் கா ஆகவேண்டும், இ வந்தால் கி ஆகவேண்டும் என்பதால் அடிக்கோடிட்டபடி காத்திருக்கும். ஸ்பேஸோ, முற்றுப்புள்ளியோ தட்டினால் உட்காரும். அதற்குள் மவுஸை எடுத்து வேறிடத்தில் கிளிக் செய்தால், என் லேப்டாப்பில் பலமுறை அந்த எழுத்து அப்படியே மறைந்துவிடுகிறது. அகரத்தில் முடியும் சொல்தான் மாட்டிக்கொள்ளும்: பல, சில, போல, வருக.

வினாத்தாள் தயாரிக்கிற தமிழ் வாத்தியாருக்கு இது எங்கே அடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எழுதுக. கூறுக. விளக்குக. பொருத்துக. ஒவ்வொரு கேள்வியும் க-வில் முடிகிறது. கேள்வியை முடித்ததும் மதிப்பெண் கட்டத்துக்குக் கிளிக். க போயிற்று. 'விடை எழுதுக' என்பது 'விடை எழுது' ஆகிவிடும். மரியாதையாகச் சொல்லும் வியங்கோள், நேராக ஆணையிடும் ஏவலாகிவிட்டது. எழுத்துப்பிழை திருத்தியும் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் 'எழுது' பிழையான சொல் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அப்படி ஒரு தாள் போயே போய்விட்டது. நாலு கேள்வியில் மூன்று 'எழுதுக', ஒன்று 'எழுது'. அதற்கு முந்தைய வாரம்தான் ஏவலுக்கும் வியங்கோளுக்கும் வேறுபாடு நடத்தியிருந்தேன். முன்பெஞ்சுப் பெண் எழுந்து, "சார், இந்த ஒண்ணு மட்டும் ஏவலாச்சே?" என்று கேட்டாள். அவள் கவனித்ததில் பெருமை, என் தாளில் கவனித்ததில் அவமானம். அன்று இரவு விண்டோஸையே திரும்பப் போட்டுவிடலாம் என்று பென்டிரைவைத் தேடினேன்.

போடவில்லை. மவுஸைத் தொடுமுன் ஸ்பேஸ் தட்ட விரலைப் பழக்கினேன். பதினாறு மாதமாகியும் அவசரத்தில் தவறுகிறது.

மற்றவை சின்னத் தொல்லைகள். சக ஆசிரியர்கள் விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவில் அனுப்பும் கோப்பு இங்கே வேறு எழுத்துருவில் திறந்து, இரண்டு பக்கம் மூன்றாகிறது. பிரின்டருக்கு டிரைவர் ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ஆனால் மலையாளச் சுற்றறிக்கைகள் அட்சரம் பிசகாமல் தெரிகின்றன. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு வெளியிட்ட 'மீரா இனிமை' தமிழ் எழுத்துருவில்தான் இப்போது என் வினாத்தாள்கள். மலையாளத்துக்கு உழைத்தவர்கள் தமிழுக்கும் இப்படி உருண்டு திரண்ட ஓர் எழுத்தைச் செய்து இலவசமாகத் தந்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எல்லையோரத்தில் வாழ்கிறவனுக்கு நெஞ்சு நிறைகிறது.

இனி நண்பருக்கு. அண்ணா, உங்கள் கடைக்கு வேண்டாம். நீங்கள் பழைய டைப்ரைட்டர் முறையில் தட்டுகிறவர், விண்டோஸில் ஓடும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பத்து வருஷக் கல்யாணப் பத்திரிகைகள் வைத்திருக்கிறீர்கள், ஆள் எதிரே நிற்க அவசரமாக மவுஸை ஓட்டுகிறவர். பட்டா மனுவில் ஒருவர் பெயரின் கடைசி எழுத்து போனால் அவர் தாலுகா ஆபீஸுக்கு இன்னொரு நடை நடக்கவேண்டும். இந்தக் குறை தீரும்வரை அதில் கை வைக்காதீர்கள். அந்த இரண்டில் ஒன்றை மட்டும், வீட்டில் பிள்ளைகள் படிக்க, மாற்றிக் கொடுங்கள்.

என்னுடையதைக் கேட்டால், போன மாதம் மூடியின் கீல் உடைந்து சித்தூரில் பழுதுபார்க்கக் கொடுத்தேன். கடைக்காரப் பையன், "சாரே, இதுல பழைய விண்டோஸே போட்டுத் தரட்டுமா, காசு வேண்டாம்" என்றான். தொடவே கூடாது என்று சொல்லி, கீல் மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டு வந்தேன்.