நெல்லா, சிறுதானியமா, பயறா: ஆராய்ச்சிப் பணத்தில் எதற்கு முதலிடம்?

தை பிறந்து இரண்டு வாரம் ஆனதும் எங்கள் திருவாரூர்ப் பக்கத்தில் எல்லோரும் வயலுக்குள் கால் வைத்துப் பார்ப்பார்கள். கால் லேசாகப் பதிய வேண்டும், சேறு ஒட்டக் கூடாது. அந்த மெழுகுப் பதத்தில், அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற தாளடிக் கதிருக்குள் (குறுவைக்கு அடுத்து நடும் இரண்டாம் போக நெல்) உளுந்தை வீசி விதைப்பது வழக்கம். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இரவுப் பனியையும் வைத்தே எழுபது நாளில் விளைந்துவிடும். அரிவாளால் அறுத்த காலத்தில், அறுப்பு முடியும்போது தாளுக்கு நடுவே இளம் உளுந்து தலைகாட்டி நிற்கும்.

இப்போது அறுப்பது இயந்திரம். போன ஆண்டு என் சித்தப்பா வழக்கம்போல முன்கூட்டியே விதைத்தார். பெல்ட் பூட்டிய அறுவடை வண்டி வயலுக்குள் போய்த் திரும்பியதில் முளைத்ததில் பாதி மண்ணோடு மண்ணாக நசுங்கிப் போனது. பக்கத்து வயல்காரர் அறுத்த பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தார். அதற்குள் மேல்மண் காய்ந்துவிட, விதைத்ததில் பெரும்பகுதி முளைக்கவே இல்லை.

இது நெல் ஆராய்ச்சியாளர் தீர்க்க வேண்டிய சிக்கலா, பயறு ஆராய்ச்சியாளர் தீர்க்க வேண்டியதா, பண்ணை இயந்திரப் பொறியாளர் தீர்க்க வேண்டியதா? நாட்டின் வேளாண் ஆராய்ச்சிக்கு எது முதன்மை என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்தக் கேள்விதான்.

வேளாண்மையிலிருந்து வரும் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இந்தியா வேளாண் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. பணம் குறைவாக இருக்கும்போது வரிசை முக்கியமாகிறது. எனக்குத் தெரிந்து இன்று முதலிடம் கேட்டு நிற்பவை மூன்று: நெல்லும் கோதுமையும், சிறுதானியம், பயறு. சமையல் எண்ணெயும் இந்த வரிசையில் சேரும். தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி என்பதால் அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

முதலில் நெல், கோதுமையின் பக்கம். 1966இல் இந்தியா ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கிச் சாப்பிட்டது. அப்போது உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் எடுத்த முடிவுகளை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1929இலிருந்தே இருந்தது. 1965இல்தான் அதன் தலைமை இயக்குநர் பொறுப்புக்கு பி. பி. பால் என்ற விஞ்ஞானி வந்தார். மறுஆண்டே மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்திறங்கியது. எம். எஸ். சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் வயல்வெளிச் சோதனைகளில் காட்டிய விளைச்சல்தான் அந்த முடிவுக்கு அடிப்படை. பசி கதவைத் தட்டியபோது எதற்கு முதலிடம் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

இன்று நிலைமை வேறு. ஆண்டுக்கு 13 கோடி டன்னுக்கும் மேல் அரிசி விளைகிறது. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நம்முடையது. ஒரு கிலோ அரிசிக்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாம் கப்பலில் ஏற்றுவது பஞ்சாபின் நிலத்தடி நீரையும்தான். விளைச்சலை இன்னும் கூட்டுவதற்காக நெல்லுக்கு முதலிடம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் நெல் ஆராய்ச்சியை அப்படியே ஓரங்கட்டவும் மனம் வராது. ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த எஃப்ஆர் 13ஏ என்ற ரகம் வெள்ளத்தில் மூழ்கியும் சாகாமல் நின்றது. அதற்குக் காரணமான சப்1 மரபணுவை அடையாளம் கண்டு 2006இல் வெளியிட்டார்கள். 2009இல் ஸ்வர்ணா சப்1 இந்திய உழவர் கைக்கு வந்தது. இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்தெழும் நெல் அது. டெல்டாவில் பொன்மணி என்று நாங்கள் சொல்லும் சிஆர் 1009 ரகத்துக்கும் அதே குணம் ஏற்றப்பட்டது. கார்த்திகையில் வயல் ஏரியாகிக் கிடக்கும் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், இந்த ஆராய்ச்சியின் மதிப்பைச் சொல்வார்கள். 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது: சம்பா மசூரியிலிருந்து வந்த கமலா, எம்டியு 1010இலிருந்து வந்த பூசா டிஎஸ்டி 1. இரண்டாவதன் நோக்கம் வறட்சியையும் உப்பையும் தாங்குவது. நெல்லுக்கான பணம் இந்தத் திசையில் போகட்டும்: வெள்ளம், உப்பு, தண்ணீர்ச் சிக்கனம்.

சிறுதானியத்தின் வாதம் கேட்பவர் மனத்தைத் தொடும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசி பக்கத்தில்கூட நிற்க முடியாது. மானாவாரி நிலத்துக்குப் பொருத்தமானது. இந்தியாவின் முயற்சியால் ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ரக ஆராய்ச்சியிலும் பெருமைக்குரிய வரலாறு உண்டு. கர்நாடகத்தில் லட்சுமணய்யா இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் ஒட்டி உருவாக்கிய இண்டாஃப் ரகங்கள் அந்த மாநிலத்தின் விளைச்சலையே மாற்றின. நம் திருவண்ணாமலை மாவட்டத்து அத்தியந்தலில் சிறுதானியத்துக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது.

இவ்வளவு இருந்தும், சிறுதானியத்தில் முடிச்சு விழுந்திருப்பது வயலில் இல்லை என்பது என் எண்ணம். சாமையை ஒருமுறை உரலில் போட்டுக் குத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மணி கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரியது, உமியோ இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். குத்திப் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கை வலிக்க வேலை செய்தாலும் உமியோடு நொய்யும் பறந்து போகும். நெல் அரைவை ஆலைகள் பக்கத்திலேயே இருக்க, ரேஷன் அரிசியும் வந்துவிட, மலைக்கிராமப் பெண்கள் இந்த வேலையை விட்டதில் என்ன குற்றம் இருக்கிறது? கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊருக்குள்ளேயே சிறிய அரைவை இயந்திரங்களைக் கொண்டுபோய் வைத்தது சரியான இடத்தில் கை வைத்த வேலை. ஆகவே சிறுதானியத்துக்கு இன்று முதன்மைத் தேவை உமி நீக்கும் இயந்திரமும் மாவு கெடாமல் வைக்கும் வழியும்தான். இவற்றுக்கு ஆகும் செலவு குறைவு, பலன் சீக்கிரம் தெரியும்.

இனிப் பயறு. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1951இல் நாட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பருப்பு 60 கிராம். 2000ஆம் ஆண்டு வாக்கில் அது 30 கிராம் அளவுக்கு இறங்கியது. கோதுமையும் நெல்லும் பாசன நிலத்தைப் பிடித்துக்கொள்ள, பயறு மானாவாரிக்குத் தள்ளப்பட்டது. பிறகு கொஞ்சம் தேறினாலும், 2024-25இல் 70 லட்சம் டன்னுக்கு மேல் இறக்குமதி செய்தோம். உலகிலேயே மிக அதிகமாகப் பருப்பு விளைவிக்கும் நாடும் நாம்தான், மிக அதிகமாக வாங்கும் நாடும் நாம்தான். நம் இட்லிக்கும் தோசைக்கும் ஆட்டும் உளுந்தில் ஒரு பங்கு மியான்மரிலிருந்து வருகிறது, துவரையில் ஒரு பங்கு மொசாம்பிக், தான்சானியாவிலிருந்து. சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன்னை இன்னும் தாண்டவில்லை. ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் நெல்லில் மேலும் பத்து சதவீதம் கூட்டுவதைவிட, இங்கே கூட்டுவதற்கு இடம் அதிகம்.

இன்னொரு காரணம் எனக்கு இன்னும் வலுவாகப் படுகிறது. வீரிய மக்காச்சோளம், பருத்தி, காய்கறி விதைகளைத் தனியார் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு உருவாக்குகின்றன. உளுந்து தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். உழவர் ஒருமுறை வாங்கினால் அடுத்த சில ஆண்டுகளுக்குத் தன் விதையையே எடுத்து வைத்துக்கொள்ளலாம். விற்று லாபம் பார்க்க முடியாத விதைக்குத் தனியார் ஏன் செலவழிக்கப் போகிறார்கள்? அரசு செய்யவில்லை என்றால் வேறு யாரும் செய்ய மாட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனிலிருந்து மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வம்பன் 8 போன்ற ரகங்கள் வந்தது பொதுப் பணத்தால்தான்.

மண்ணின் கணக்கும் உண்டு. பயறு தன் வேர்முடிச்சில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கிறது. இதை ஒரு நாடே முதன்மையாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு பிரேசில் சான்று. அங்கே ஜொஹான்னா டோபரைனர் என்ற விஞ்ஞானி, சோயா ரகங்களை யூரியா கொடுத்துத் தேர்ந்தெடுக்காமல் வேர்முடிச்சு நுண்ணுயிரோடு சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1960களில் வாதாடினார். 1973இல் தொடங்கிய எம்ப்ராபா என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் அந்த வழியில் தொடர்ந்து நடந்தது. இன்று பிரேசில் சோயாவுக்குப் பெரும்பாலும் தழைச்சத்து உரம் போடுவதே இல்லை. அதே நிறுவனத்தின் மரியாஞ்செலா ஹங்ரியாவுக்கு இந்தப் பணிக்காக 2025இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம்மிடமும் ரைசோபியம் என்ற அந்த வேர்முடிச்சு நுண்ணுயிர்ப் பொட்டலம் இருக்கிறது. ரகமும் நுண்ணுயிரும் ஒன்றாகவே தேர்வாக வேண்டும் என்ற பிடிவாதம்தான் நமக்கு வேண்டும்.

பயறுக்கு எதிரான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். 2016-17இல் பருப்பு உற்பத்தி ஒரே ஆண்டில் சுமார் 160 லட்சம் டன்னிலிருந்து 230 லட்சம் டன்னாக ஏறியது. காரணம் முந்தைய ஆண்டு ஏறியிருந்த விலையும் நல்ல மழையும். புது ரகம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. அறுவடைக்குப் பின் துவரை விலை சரிந்து விவசாயிகள் அழுததும் நினைவிருக்கிறது. கொள்முதல் இல்லாமல் ஆராய்ச்சிக்கு மட்டும் பணம் கொடுத்தால் ரகம் வெளியீட்டு விழாவோடு நின்றுவிடும். 2025 அக்டோபரில் தொடங்கிய பருப்புத் தற்சார்பு இயக்கம் 2030-31க்குள் 350 லட்சம் டன் என்று இலக்கு வைத்து, துவரை, உளுந்து, மசூர் மூன்றுக்கும் கொள்முதல் உறுதி சொல்கிறது. அந்த உறுதி நெல் கொள்முதல் நிலையம் போல ஊருக்கு ஊர் வந்தால்தான் என் வாதம் நிற்கும்.

அப்படி வரும் என்று வைத்துக்கொண்டால், என் வரிசையில் முதலில் பயறு, அடுத்து நெல்லின் இடர் தாங்கும் குணங்கள், பிறகு சிறுதானிய அரைவை. ஆனால் பணத்தைப் பயிர்வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் சித்தப்பாவின் வயல் மறுபடியும் யார் கணக்கிலும் வராது. அங்கே நிற்பது நெல், நசுங்குவது உளுந்து, நசுக்குவது இயந்திரம். டெல்டாவின் நெல் தரிசில், அதாவது நெல்லுக்குப் பின் சும்மா கிடக்கும் வயலில், பலரும் விதைக்கும் ஆடுதுறை 3 என்ற உளுந்து அரிவாள் அறுப்புக் காலத்து ரகம். வண்டி ஏறிய பிறகும் துளிர்க்கும் உளுந்தோ, அறுக்கும்போதே பின்னால் விதையை ஈர மண்ணில் இறக்கும் கருவியோ, இரண்டில் ஒன்று கிடைத்தாலும் தையில் விழும் அந்த நஷ்டம் நிற்கும். இதற்கு நெல், பயறு, இயந்திரம் என்ற மூன்று துறையும் ஒரே வயலில், ஒரே வாரத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். அப்படிக் கூட்டாகக் கேட்பவர்களுக்குத்தான் முதல் பணம் போக வேண்டும்.

சித்தப்பா இந்த ஆண்டு வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வண்டி வருவதற்கு நான்கு நாள் முன்பும் மறு பாதியில் வண்டி போன அன்றே மாலையிலும் விதைக்கப் போகிறார். சதுர அடிக்கு எத்தனை செடி நிற்கிறது என்று எண்ணி எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.