ஓசூரிலிருந்து போய் வருவதா, பெங்களூருக்கே குடிபோவதா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒருவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும் வீட்டில் முதலில் எழும் பேச்சு வாடகை. ஓசூரில் எவ்வளவு, எலக்ட்ரானிக் சிட்டியில் எவ்வளவு என்று கேட்டு, வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். தனி ஆளுக்கு அந்தக் கணக்கு போதும். குடும்பத்தோடு போகிறவர்கள் வாடகையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளை எத்தனாவது படிக்கிறது என்பதுதான்.

அதற்கு முன் தூரத்தைப் பேசி முடித்துவிடுவோம், ஏனென்றால் சிலருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். வேலை அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி, எலக்ட்ரானிக் சிட்டி என்றால் ஓசூரில் இருந்து தினமும் போய் வருவது நடக்கிற காரியம். பல கம்பெனிகள் ஓசூருக்கே பஸ் அனுப்புகின்றன. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை திறந்த பிறகு, பொம்மசந்திரா வரை போய்விட்டால் ஜெயநகர் பக்கம்கூட எட்டிவிடும். ஆனால் வேலை ஒயிட்ஃபீல்டிலோ வெளிவட்டச் சாலையிலோ இருந்தால் ஓசூரை மறந்துவிடுங்கள். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டித் தினமும் போய் வருகிறவர்களின் பிள்ளைகள் அப்பாவை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கிறார்கள். மெட்ரோ ஓசூர் வரை நீளும் என்ற பேச்சை நம்பி இன்றைக்கு வீடு வாங்குவதும் வேண்டாம்.

காரில் போய் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளுக்கு 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு ஆண்டு பாஸ் வந்தது. அதில் 200 பயணம்தான். ஒரே சாவடியைத் தினமும் போகவும் வரவும் கடந்தாலே நாலைந்து மாதத்தில் தீர்ந்துவிடும். மாதாந்திர பாஸோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது பள்ளி. இங்கேதான் பலரும் விவரம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

கர்நாடகத்தின் சிஇடி (பொறியியல் போன்ற படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு) வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் வேண்டுமென்றால், பொதுவான வழி இது: ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பியுசி (நம் பன்னிரண்டாம் வகுப்பு) வரைக்குள் குறைந்தது 7 கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பையோ பியுசியையோ அங்கேயே தேறியிருக்க வேண்டும். பிள்ளையை ஆறாம் வகுப்பில் அங்கே சேர்த்தால் பன்னிரண்டு முடிக்கும்போது சரியாக ஏழு வருடம். எட்டாம் வகுப்பில் சேர்த்தால் ஐந்துதான். அந்த வாசல் அடைபட்டுவிடும்.

சரி, தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்து கல்லூரி சேரலாமே என்றால், சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. இடையில் வெளிமாநிலத்தில் படித்தால் அதைக் காட்ட வேண்டும். மருத்துவத்திலும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கு அந்தச் சான்று கேட்பார்கள். இதெல்லாம் தாளோடு முடிகிற வேலை. திரும்பக் கிடைக்காத சிலவும் இருக்கின்றன. மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இங்கே ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததையே பார்க்கின்றன. டிஎன்பிஎஸ்சியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இருக்கும் 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு, 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். பாலக்கோட்டிலோ அரூரிலோ அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணை ஏழாம் வகுப்பில் பிடுங்கிக்கொண்டு போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதை வைத்து யோசியுங்கள்.

அங்கே கன்னடமும் உண்டு. 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழிக் கற்றல் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ படிப்படியாகக் கட்டாயமாகியிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் தெருவில் விளையாடியே ஆறு மாதத்தில் பேசிவிடுவார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டு பரீட்சை எழுத வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டிலேயே கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பங்களுக்கு இந்தச் சுமை பாதிதான். தருமபுரிக்குத் தெற்கேயிருந்து போகிறவர்களுக்கு முழுச் சுமை.

ஆக என் கருத்து இது. பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை, பெங்களூரிலேயே வேர்விடும் எண்ணம் என்றால் தயங்காமல் போங்கள். ஏழு முதல் பன்னிரண்டு வரை இருக்கிற வீடுகள் ஓசூரிலேயே தங்கட்டும். அப்பாவோ அம்மாவோ அலைவது கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்தைப் பெரியவர்கள் தாங்கிக்கொள்ளலாம்.

சாதிச் சான்றிதழ் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கேயும் அதே பெயரில் ஒரு சாதி பட்டியலில் இருந்தால்கூட, அந்த மாநில அரசின் இடஒதுக்கீட்டை உரிமையாகக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1990இல் சொன்னது, 2018இல் மறுபடியும் உறுதி செய்தது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் நிலையும் கிட்டத்தட்ட அதேதான்: இங்கே எம்பிசி, அங்கே பொதுப் பிரிவு. நம் மாவட்டங்களில் பெரும்பாலான வீடுகளை இது தொடும். தமிழ்நாட்டுச் சான்றிதழ் தமிழ்நாட்டு இடங்களுக்கும், மத்திய அரசின் பட்டியலில் அந்தச் சாதி இருந்தால் மத்திய அரசு இடங்களுக்கும் தொடர்ந்து உதவும். அதனால் பெங்களூரில் இருந்தாலும் பிள்ளையின் மேற்படிப்பைத் தமிழ்நாட்டை நோக்கித் திட்டமிடுவது பலருக்கு நல்லது.

வண்டி விஷயத்தில் ஓசூர்தான் சுலபம். டிஎன் 70 வண்டியில் காலையில் எல்லை தாண்டி இரவு திரும்பினால் ஒரு வேலையும் இல்லை. பெங்களூரிலேயே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இங்குள்ள ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று, கடன் இருந்தால் வங்கியின் சம்மதம், அப்புறம் கர்நாடக ஆயுள் வரி. பத்து லட்சத்துக்குட்பட்ட புதுக் காருக்கே அங்கே வரி 14 சதவீதம் வரை போகும். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள். இங்கே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், அலையத் தயாராக இருந்தால். பழைய காரை இங்கேயே விற்றுவிட்டு அங்கே வாங்குவது பல சமயம் லாபம்.

அரசுச் சலுகைகளில் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். 2025 நிலவரப்படி, இங்கே மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அங்கே குடும்பத் தலைவிக்குக் கிருகலட்சுமி மாதம் 2,000 ரூபாய், சக்தி திட்டத்தில் பெண்களுக்குப் பஸ் இலவசம், கிருகஜோதியில் மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம், வாடகை வீட்டுக்கும் சேர்த்து. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் சக்திக்குக் கர்நாடக முகவரி அட்டை வேண்டும், கிருகலட்சுமிக்கு அந்த ஊர் ரேஷன் அட்டை வேண்டும், மின்சாரமோ முந்தைய ஆண்டுச் சராசரிப் பயன்பாட்டோடு 10 சதவீதம் கூடுதல் வரைதான் இலவசம். புது ரேஷன் அட்டை உடனே கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். எல்லை தாண்டும் பஸ்ஸில் இந்தச் சலுகைகளை நம்பியிருக்க முடியாது என்பதையும் ஓசூரில் தங்கும் பெண்கள் மனதில் வைக்க வேண்டும்.

வீட்டு அட்வான்ஸ் பெங்களூரில் பத்து மாத வாடகை கேட்டது நீண்ட நாள் வழக்கம். இப்போது பேரம் பேசிக் குறைக்க முடிகிறது. தண்ணீரைக் கட்டாயம் விசாரியுங்கள். சந்தாபுரா, ஆனேக்கல் பக்கம் பல அடுக்குமாடிகள் போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பி நிற்பவை. 2024 கோடையில் பெங்களூர் பட்ட பாடு தெரிந்ததே. வீடு பார்க்க மார்ச், ஏப்ரலில் போனால் உண்மை நிலை தெரியும்.

காவிரிப் பிரச்சினை வெடிக்கிற நாட்களில் எல்லையிலுள்ள ஜூஜூவாடியோடு பஸ் நின்றுவிடும். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தன. 2023இலும் பந்த் நடந்தது. அந்த நாட்களில் ஓசூரில் இருப்பவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார், பெங்களூரில் இருப்பவரின் பெற்றோர் தருமபுரியில் தூங்காமல் இருக்கிறார்கள். மற்ற நாட்களில் அக்கம்பக்கம் அன்பாகத்தான் இருக்கும், நாலு வார்த்தை கன்னடம் பேசினால் இன்னும் அதிகமாக.

எல்லைக்கு அப்பால் ஆந்திராவிலுள்ள குப்பத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி, தமிழ் பேசுகிறவர்களும் நிறைய, பெங்களூருக்கு நேர் ரயிலும் உண்டு. ஆனால் வேலை ஒரு மாநிலம், குடித்தனம் ஒரு மாநிலம், சான்றிதழ் ஒரு மாநிலம் என்று மூன்றாகப் பிரிந்துவிடும். சொந்த நிலமோ உறவோ அங்கே இல்லாதவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எந்தப் பக்கம் முடிவானாலும் சாமான் ஏற்றுவதற்கு முன் இ-சேவை மையத்தில் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று இரண்டையும் வாங்கிவிடுங்கள். முகவரி மாறிய பிறகு தாசில்தார் அலுவலகத்தில் கேள்வி கூடும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்கும் பள்ளிகள் அங்கே உண்டு. மே மாதமே வாங்கி வைத்தால் ஜூனில் லீவு போட்டுத் திரும்பி வர வேண்டியிருக்காது.