வீட்டு ஒலிப்பதிவுக்குக் கண்டென்சர் மைக்கா, டைனமிக் மைக்கா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குலசேகரம், களியக்காவிளை பக்கம் கிறிஸ்தவப் பாடல்களையும் வில்லுப்பாட்டையும் வீட்டிலேயே பதிவு செய்பவர்கள் பலருக்கும் முதலில் எழும் கேள்வி, மின்னூட்டிய மெல்லிய சவ்வால் ஒலியைப் பிடிக்கும் கண்டென்சர் மைக்கா, காந்தத்தினிடையே அசையும் கம்பிச்சுருளால் பிடிக்கும் டைனமிக் மைக்கா, எதை வாங்குவது என்பதுதான். பாடப்போவது எது, பாடும் அறை எப்படிப்பட்டது என்று பார்த்த பிறகே இதற்கு விடை சொல்ல முடியும்.

கண்டென்சர் மைக்கின் பலம் அதன் நுண்ணுணர்வு. ஒரே அளவு ஒலிக்கு, 1966இல் வெளிவந்து இன்றும் மேடைகளில் நிற்கும் டைனமிக் மைக்கான ஷூர் எஸ்எம்58ஐவிட, கண்டென்சர் வகையான ஆடியோ டெக்னிகா ஏடி2020 ஏழு மடங்குக்கும் அதிகமான மின்னழுத்தம் தருகிறது. ஆனால் கண்டென்சர் இயங்க, மைக் கம்பி வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் (பேண்டம் பவர்) தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியுடன் இணைக்கும் கருவி, வேண்டும். டைனமிக் மைக்கில் மெல்லிய குரலைப் பதிவு செய்ய கெய்னை (ஒலியைப் பெருக்கும் அளவை) மிகவும் ஏற்ற வேண்டியிருப்பதால், தரம் குறைந்த இன்டர்ஃபேஸில் இரைச்சலும் கூடவே ஏறும்.

டைனமிக் மைக் அறையின் எதிரொலியை எடுக்காது என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. இரண்டும் முன்புற ஒலியை அதிகமாகவும் பின்புற ஒலியைக் குறைவாகவும் எடுக்கும் கார்டியாய்டு வகையாக இருந்து, ஒரே தூரத்தில் வைக்கப்பட்டால், குரலுக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறாது. டைனமிக் மைக்கை உதட்டருகே வைத்தும் கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைத்தும் பாடுவதால்தான் அந்த வேறுபாடு தோன்றுகிறது. தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறைகிறது, டைல்ஸ் தரையிலும் கான்கிரீட் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலியோ அநேகமாக அப்படியே நிற்கிறது. ஆகவே வெற்றுச் சுவர்கள் உள்ள அறையில் தனிக்குரலுக்கு, நெருங்கி நின்று பாடும் டைனமிக் மைக்கையே பரிந்துரைப்பேன். மிக நெருங்கும்போது கீழ்ஸ்தாயி தடித்துப்போகும். அதை மிக்ஸிங்கில் 100 ஹெர்ட்ஸ் அளவில் குறைத்துக்கொள்ளலாம்.

வில்லுப்பாட்டில் நிலைமை தலைகீழ். வில்லில் கோத்த மணிகளின் கிணுகிணுப்பு, உடுக்கையின் ஏற்ற இறக்கம், குடத்தின் கனத்த அடி ஆகிய மூன்றையும் ஒரே மைக்கில் பிடிக்க வேண்டுமானால் மைக் தள்ளித்தான் நிற்க வேண்டும். எஸ்எம்58இன் அதிர்வெண் எல்லை 15,000 ஹெர்ட்ஸோடு முடிகிறது; மணியின் உயிர் அதற்கு மேலும் இருக்கிறது. இதற்குக் கண்டென்சரே தகும், ஆனால் சுவரோரம் கனத்த மெத்தைகளை நிறுத்திய பிறகு. மெல்லிய நுரைப்பட்டைகள் மேல் அதிர்வெண்களை மட்டுமே உறிஞ்சும். குடத்தின் முழக்கம் அவற்றுக்கு அடங்காது.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் தகரக் கூரையின் கீழ் எந்த மைக்கும் உதவாது. கண்டென்சரின் மெல்லிய சவ்வு ஈரம் பட்டால் பொரியும் ஓசை எழுப்பக்கூடும் என்பதால், சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வைப்பது அவசியம்.