பூஸ்ட் மீற்றர்: ரப்பர் குழாயா, சென்சரா?

என் டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடி டர்போவில் இதுவரை இரண்டு பூஸ்ட் மீற்றர்கள் ஏறிவிட்டன. டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட், அதைக் காட்டுவது இந்த மீற்றர். 2021இல் பூட்டியது சென்சரோடு வந்த எலக்ட்ரிக். இப்போது இருப்பது மெக்கானிக்கல். என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மெனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் நேரே மீற்றரின் முதுகுக்கு வருகிறது. நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

மூன்றாவது வழியையும் சொல்லிவிடுகிறேன். அண்மைக்கால டர்போ கார் என்றால் பழுது பார்க்கக் கணினியை இணைக்கும் ஓபிடி2 சொக்கெட்டில் ஓர் அடாப்டரைச் செருகி, போனிலேயே பூஸ்ட் பார்க்கலாம். எண் கொஞ்சம் பிந்தித்தான் வரும், ஆனால் எங்கும் ஓட்டை போட வேண்டியதில்லை. என்னுடையது 1994ஆம் ஆண்டு ஸ்டார்லெட், மாதிரி இலக்கம் இபி82. அதில் அந்தச் சொக்கெட்டே கிடையாது, ஆகவே கதை அங்கேயே முடிந்தது.

பார்வைக்கு எலக்ட்ரிக்தான் அழகு. சாவியைத் திருப்பியதும் ஊசி ஒரு சுற்றுப் போய்வரும், உச்ச அளவை நினைவில் வைத்துக் காட்டும், அளவு மீறினால் கத்தும். மெக்கானிக்கலில் ஓர் ஊசி, ஒரு பல்ப், அவ்வளவுதான். துல்லியத்தைப் பற்றி ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். கொழும்பு நெரிசலில் 0.05 பார் வித்தியாசத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

எனக்கு விஷயத்தைத் தீர்த்தது பராமரிப்பு. சைலன்சரைப் பெரிதாக்கியபின் பூஸ்ட் தானாகவே கொஞ்சம் கூடியிருந்தது, மீற்றர் வாங்கியதே அதைக் கவனிக்கத்தான். ஒரு நாள் கொட்டாவையில் அதிவேகப் பாதைக்குள் ஏறும்போது ஊசி 0.5ஐத் தாண்டவில்லை. சரி, இன்னும் இடமிருக்கிறது என்று மிதித்தேன். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தமாதிரி கார் குலுங்கியது. அளவுக்கு மீறிப் பூஸ்ட் போனால் என்ஜின் கணினி எரிபொருளை வெட்டிவிடும், அதுதான் நடந்தது. சென்சர் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. சாகிற சென்சர் சும்மா சாகாமல் பொய் சொல்லிக்கொண்டே சாகும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்தச் சென்சரைத் தேடிப் பஞ்சிகாவத்தையில் நான் ஏறாத கடை இல்லை. மீற்றர் ஒரு பிரபல ஜப்பான் மாதிரியின் நகல். அசல் சென்சரின் பிளக்கே இதற்குப் பொருந்தாது, நகலின் சென்சரைத் தனியாக எவரும் விற்பதில்லை. “முழு செட்டாத்தான் எடுக்கணும் தம்பி” என்றார்கள். 2022 அது. 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தொட்ட காலம். வெளியிலிருந்து வரவழைக்கக் கணக்குப் பார்த்துவிட்டுக் கையை உதறினேன்.

மெக்கானிக்கலிலும் பழுது வராமல் இல்லை. போன வருடம் பம்பலப்பிட்டி சிக்னலில் நிற்கும்போது ஐடில், அதாவது சும்மா நிற்கையில் என்ஜின் சுற்றும் வேகம், மேலே ஏறியது, பொனட்டுக்குள்ளிருந்து ‘ஸ்ஸ்’ என்று சத்தம். குழாயைக் கிளை பிரிக்கும் டீ (T) மூட்டில் செருகியிருந்த மீற்றர் குழாயின் நுனி சூட்டில் இறுகிப்போயிருந்தது. வளைத்துப் பார்த்தால் மயிர்க்கோடாக வெடிப்பு. பிளேடால் ஓர் அங்குலம் நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மறுபடி செருகி, ஒரு கேபிள் டை போட்டேன். பச்சை விளக்கு இரண்டு தடவை வந்துபோயிருக்கும், பின்னால் இருந்த முச்சக்கரவண்டிக்காரர் மட்டும் நன்றாகத் திட்டினார். முழுக் குழாயையும் மாற்ற வேண்டி வந்தாலும் எந்த மூலைக் கடையிலும் அளந்து வெட்டித் தருவார்கள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் காரை நிறுத்துகிறவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் பிளக்கின் பின்கள் பச்சை பூத்துவிடும். ரப்பரை உப்பு அந்த அளவுக்குத் தின்பதில்லை.

குழாய் இழுக்கும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். என்ஜினுக்கும் நாம் இருக்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வாலின் ஓட்டையில் கட்டாயம் ரப்பர் வளையம் போடுங்கள். தகட்டின் விளிம்பு குழாயை மெல்ல மெல்ல அறுத்துவிடும். எங்காவது மடிந்து நசுங்கினாலும் ஊசி சோம்பலாகத்தான் ஏறும், அதாவது இதுவும் பொய் சொல்லும். அப்புறம், எரிபொருள் அழுத்த ரெகுலேட்டருக்குப் போகும் லைனிலோ, என்ஜின் கணினியின் அழுத்த சென்சருக்குப் போகும் லைனிலோ டீ போட விடாதீர்கள். கைக்கு எட்டுவது அதுதான் என்று சில மெக்கானிக் பாஸ்மார் அங்கேதான் கத்தியை வைப்பார்கள். அந்த டீ கழன்றால் பூஸ்டில் இருக்கும் நேரத்தில் பெட்ரோல் போதாமல் போகும், பிஸ்டன் உருகும்வரை கொண்டுபோய்விடும். மெனிஃபோல்டில் தனி முனை தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் நகல் எலக்ட்ரிக்கோடு பட்டது. அசல் ஜப்பான் மீற்றரான டெஃபி ஒன்றை நண்பனின் காரில் சில நாள் ஓட்டியதோடு சரி. அந்தச் சில நாளில் குறை ஒன்றும் காணவில்லை. அசலுக்குக் காசும், சென்சர் வாங்கிவர வெளிநாட்டில் ஓர் ஆளும் இருந்தால் என் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

முன் கண்ணாடியின் ஓரத்தூணான ஏ பில்லரில் நான் பூட்டியது இரண்டு மீற்றர் வைக்கும் இரட்டைக் கூடு. மேல் ஓட்டை இன்னும் காலி. அது ஒயில் பிரஷருக்கு. அதற்கு மட்டும் எலக்ட்ரிக்தான் பூட்டுவேன். மெக்கானிக்கலில் குழாய் வெடித்தால் கொதிக்கிற ஒயில் என் மடியில்தான் வந்து விழும்.