ஹெட்லைட் எரியாவிட்டால்: மீட்டரா, டெஸ்ட் லேம்பா?

இலங்கை மலையகத்தில், நானுஓயாவிலிருந்து லிந்துலைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். இரவு ஏழரை இருக்கும். வேனின் இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் போய்விட்டன. டிம்மும் இல்லை, ஹைபீமும் இல்லை. மூடுபனி வேறு. பார்க்கிங் லைட் எரிந்தது, ஹோர்ன் அடித்தது, எனவே பெட்டரியில் பழுதில்லை. பியூஸ் நல்லது. லைட்டுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயில் விரல் வைத்துச் சுவிட்சைப் போட்டால் 'டக்' என்றது. பல்பைக் கழற்றி டோச் அடித்துப் பார்த்தால் இரண்டு இழையும் முழுசாக இருந்தன.

மச்சான் கையோடு டிஜிட்டல் மீட்டர் கொண்டுவந்திருந்தான். சொக்கெட்டில் இரண்டு முனையையும் வைத்தான். 12.4 வோல்ட். "கரண்ட் வருது மச்சான், பல்புதான் பிழை." டேஷ்போர்டில் கிடந்த புதுப் பல்பைப் போட்டோம். எரியவில்லை. திரும்ப மீட்டர், திரும்பவும் 12.4. இப்படியே முக்கால் மணி நேரம் போனது.

பிறகு ஒரு கொழுந்து லொறி வந்து நின்றது. டிரைவர் அண்ணன் சீட்டுக்கடியிலிருந்து எடுத்த சாமானைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிக்னல் பல்ப் ஒன்று, அதில் ஈயம் வைத்து ஒட்டிய இரண்டு வயர், ஒரு நுனியில் முதலைக் கிளிப், மறு நுனியில் கூராக்கிய சைக்கிள் கம்பி. அதுதான் டெஸ்ட் லேம்ப். கிளிப்பை பெட்டரி நெகட்டிவில் மாட்டி, கம்பியால் சொக்கெட்டின் கரண்ட் முனையைத் தொட்டார். பளிச்சென்று எரிந்தது. கிளிப்பை பொசிட்டிவுக்கு மாற்றி, சொக்கெட்டின் ஏர்த் முனையை, அதாவது கரண்ட் பெட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் முனையைத் தொட்டார். இழை மட்டும் லேசாகச் சிவந்தது.

"மீட்டரு எட்டிப் பாக்கும் தம்பி. இழுத்துப் பாக்காது."

இரண்டு லைட்டுக்கும் பொதுவான ஏர்த் போல்ட் லைட்டுக்குப் பின்னால், வேனின் பொடித் தகட்டில் இருந்தது. பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. கத்தியால் சுரண்டி இறுக்கினோம். எரிந்தது.

அண்ணன் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் வோல்ட் பார்க்கும்போது அதன் உள்தடை சுமார் 10 மெகாஓம், அதாவது ஒரு கோடி ஓம். அது இழுக்கும் கரண்ட் ஒன்றுமில்லாத அளவு. பூத்த போல்டில் 10 ஓம் தடை இருந்தாலும் மீட்டருக்கு அது தெரியாது, முழு வோல்ட்டையும் காட்டிவிடும். ஹெட்லைட்டில் போடும் எச்4 பல்பின் 55 வாட் இழை எரிய நாலரை அம்பியருக்கு மேல் வேண்டும். சூடான நிலையில் அதன் தடை மூன்று ஓம் கூட இல்லை. 10 ஓமைத் தாண்டி வருவதற்குள் வோல்ட்டில் பெரும்பகுதி போல்டிலேயே கரைந்துவிடும். 21 வாட் சிக்னல் பல்ப் ஏறத்தாழ ஒன்றே முக்கால் அம்பியர் இழுப்பதால் அதையும் அந்தப் பழுது மங்க வைத்துக் காட்டிக்கொடுக்கிறது. கடையில் கிடைக்கும் எல்இடி டெஸ்டர் பேனாவும் மீட்டர் சாதிதான், அதை நம்பி இருட்டில் இறங்காதீர்கள்.

இதற்காக மீட்டரைத் திட்டுவதும் நியாயமில்லை, நாங்கள் வைத்த இடம்தான் பிழை. பல்பைக் கழற்றாமல், சுவிட்சைப் போட்டபடி, ஒரு முனையை பெட்டரி நெகட்டிவிலும் மறு முனையை பல்பின் ஏர்த் முனையிலும் வைத்திருக்க வேண்டும். நல்ல லைனில் அரை வோல்ட்டுக்குள் காட்டும். எங்களுடையதில் பல வோல்ட் காட்டியிருக்கும், போல்ட் உடனே பிடிபட்டிருக்கும். ஆனால் சொக்கெட் மாட்டியபடியே அதன் பின்பக்கத்தில் மெல்லிய முனையை நுழைக்க வேண்டும். மழையில் ஒருவன் டோச் பிடிக்க, ஒருவன் முனை பிடிக்க, மூன்றாமவன் எண்ணை வாசிக்க வேண்டும். லேம்ப் என்றால் தூரத்திலிருந்தே தெரியும்.

மீட்டர் தெளிவாக ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. அடிக்கடி பல்ப் எரிந்துபோகிறதென்றால் எஞ்சினை ஓடவிட்டு பெட்டரியில் வோல்ட் பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை சரி. 15ஐத் தாண்டினால், பெட்டரியை சார்ஜ் செய்யும் ஒல்டர்நேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அதை லேம்பால் சொல்லவே முடியாது.

லேம்பைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாத வண்டிகளும் உண்டு. இப்போது மலையெங்கும் ஓடும் வேகன் ஆர், அக்குவா போன்ற ஹைபிரிட்டுகளில் கம்ப்யூட்டர் வயரைத் தெரியாமல் தொட்டால், ஒன்றே முக்கால் அம்பியர் உள்ளே எதையாவது எரித்துவிடலாம். மஞ்சள் சொக்கெட் ஏர்பேக்கினுடையது, செம்மஞ்சள் வயர் உயர் அழுத்தம். அந்த இரண்டின் பக்கமும் கையே போகக் கூடாது.

பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் இன்னொரு குழப்பம்: டிம், ஹைபீம் மாற்றும் சுவிட்ச் ஏர்த் பக்கத்தில் இருக்கும். சொக்கெட்டில் கரண்ட் எப்போதும் ஒரே முனையில்தான் வரும், மற்ற இரண்டும் சுவிட்ச் வழியாக ஏர்த்துக்குப் போகின்றன. இது தெரியாமல் மூன்று முனையிலும் கரண்ட் தேடினால் மீட்டரும் குழப்பும், லேம்பும் குழப்பும். பெரும்பாலும் அங்கே தேய்ந்திருப்பது ஸ்டியரிங்குக்குப் பக்கத்துச் சுவிட்ச்.

என் தேர்வு: வேனில் லேம்ப், வீட்டில் மீட்டர். மச்சான் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை. போன மாதம் புதிதாக இன்னொரு மீட்டர் வாங்கியிருக்கிறான், அதில் டோச்சும் இருக்கிறதாம்.