அய்யர் பங்களா அபார்ட்மென்ட்டுக்கு செக்யூரிட்டி ஏஜென்சி வைத்து மூன்றரை வருடம்: எங்கள் அனுபவம்

மதுரை நத்தம் ரோட்டில் அய்யர் பங்களாவை ஒட்டி 48 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட் எங்களுடையது. அசோசியேஷன் வேலையை 2021-லிருந்து நான் பார்க்கிறேன். செக்யூரிட்டி ஏஜென்சி தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன். நாங்கள் முதலில் செய்த தவற்றையும் மறைக்கப் போவதில்லை.

முதல் ஏஜென்சியை விலை பார்த்துத்தான் பிடித்தோம். ஆளுக்கு 13,000, பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர், பன்னிரண்டு மணி நேர டியூட்டி. லெட்டர்பேடில் ஒரு கொட்டேஷன், மாதா மாதம் ஒரு கைச்சீட்டு, அவ்வளவுதான் காகிதம். லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது.

2022 சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்று ராத்திரி, பாதி வீடுகள் பூட்டியிருந்தன, எல்லோரும் மூன்றுமாவடிக்கு அழகரைப் பார்க்கப் போயிருந்தோம். திரும்பி வந்தால் கீழே நின்ற இரண்டு பைக்கைக் காணோம். வாட்ச்மேன் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், அப்போது அவருக்கு 61 வயது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை வாய்க்கு வந்தபடி பேசினோம், நானும் பேசினேன். அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “சார், மாத்து ஆள் வரல. நேத்துக் காலையில இருந்து நான்தான் நிக்கிறேன்.”

முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தவரை நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறோம். விசாரித்தால் அவருக்கு இரண்டு மாதச் சம்பளமே வரவில்லை, வரும்போதும் 7,500தான் கைக்குப் போயிருக்கிறது. நாங்கள் கொடுத்த 13,000-ல் மீதி எங்கே போனது என்று கேட்க போன் போட்டால் ஓனர் எடுக்கவில்லை. புகார் எழுதப் போன இடத்தில் எஸ்.ஐ. முதலில் கேட்டதே “ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கா?” என்றுதான்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி மாநில அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி தரும் லைசென்ஸ் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்தவே கூடாது. நடத்தினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒருவரை வேலைக்கு எடுக்கும் முன் அவருடைய பின்னணியை விசாரிக்க வேண்டும், பயிற்சி தர வேண்டும், போட்டோ ஒட்டிய அடையாள அட்டை தர வேண்டும். பயிற்சி என்றால் மத்திய மாதிரி விதிகளில் 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி. ராணுவத்திலோ போலீஸிலோ இருந்து வந்தவர்களுக்குக் குறைவு.

இரண்டாவது தடவை நான்கு ஏஜென்சிகளைக் கூப்பிட்டுப் பேசினோம். லைசென்ஸ் நகல் கேட்டதும் ஒருவர் அதோடு வரவே இல்லை. இன்னொருவர் வேறு பெயரில் இருந்த லைசென்ஸைக் காட்டினார். பெயர், விலாசம், முடியும் தேதி மூன்றையும் நீங்களே வாசித்துப் பாருங்கள், ஜெராக்ஸைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

கடைசியில் எடுத்த ஏஜென்சி ஆளுக்கு 17,500 கேட்டது. கணக்கைப் பிரித்துக் கொடுங்கள் என்றேன், கொடுத்தார்கள். சம்பளம் 12,000, அதற்கு ஏஜென்சி கட்டும் பிஎஃப் 13 சதவீதம் 1,560, இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம் 390, வார லீவுக்கு வரும் ரிலீவருக்கு 2,000, மீதி யூனிஃபார்முக்கும் அவர்கள் சர்வீஸுக்கும். ஒரு கொட்டேஷனில் பார்க்க வேண்டியது இந்தப் பிரிப்பைத்தான். மொத்தத் தொகை குறைவாக இருந்தால் அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது? கேட்டில் நிற்கிறவர் வயிற்றிலிருந்துதான் வருகிறது.

எட்டு மணி நேர ஷிஃப்ட் வேண்டும் என்று மூன்று பேராக்கினோம். 18 சதவீத ஜிஎஸ்டியோடு மாதம் 61,950, அதாவது வீட்டுக்குச் சுமார் 750 ரூபாய் கூடுதல். மீட்டிங்கில் பெரிய சண்டை. மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு அம்மா எழுந்து, “அந்த மனுசன் நிக்கிறதப் பாத்தா எனக்குக் கால் வலிக்குதுய்யா, குடுத்துத் தொலைங்க” என்றார். அதோடு தீர்மானம் நிறைவேறியது.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், நன்றாகத்தான் இருக்கிறது, குறைகளும் உண்டு. முதல் வருடம் சூப்பர்வைசர் ராத்திரி இரண்டு மணிக்குக்கூட வந்து பீட் புக்கில் (ரோந்துப் பதிவு நோட்டில்) கையெழுத்துப் போட்டுப் போவார். இரண்டாவது வருடம் அது மாதம் ஒரு தடவையாகக் குறைந்தது, எழுதிக் கொடுத்த பிறகுதான் சரியானது. நன்றாகப் பழகிய ஒரு பையனைச் சொல்லாமல் கொள்ளாமல் வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். ஒருவருக்கு இஎஸ்ஐ கார்டு வர நான்கு மாதம் இழுத்தது. டார்ச், மழைக்கோட்டு எல்லாம் நாங்கள் வாங்கியதுதான். அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறும், பில்லும் ஏறும், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் வருடா வருடம் வாக்குவாதம்தான்.

நான் விடாமல் செய்யும் ஒரு வேலை, பில்லுக்குப் பணம் போடும் முன் போன மாத பிஎஃப் சலானை ஆட்கள் பெயரோடு கேட்டு வாங்குவது. நம் கேட்டில் நிற்பவர்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க பத்து நிமிடம் ஆகும். ஒரு தடவை ஒரு பெயர் விடுபட்டிருந்தது, பில்லை நிறுத்தி வைத்தேன், மூன்று நாளில் கட்டிவிட்டார்கள்.

அந்த உசிலம்பட்டிக்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, புது ஏஜென்சியில் நாங்களே சொல்லிச் சேர்த்துவிட்டோம். பயிற்சி முடித்து எங்கள் கேட்டுக்கே வந்தார். மனைவியின் மூட்டு வலிக்கு அந்த இஎஸ்ஐ கார்டில்தான் வைத்தியம் நடக்கிறது. வருகிற தையில் அவருக்கு 65 முடிகிறது, சட்டப்படி அதற்கு மேல் காவலாளியாக இருக்க முடியாது. பிஎஃப் பணத்தை எடுப்பதற்குத் தடையாக ஆதாரில் அவர் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. போன வாரம் நானே கூட்டிக்கொண்டு போய்த் திருத்தினேன். “அண்ணே, இனி பணம் நேரா உங்க பாஸ்புக்குக்கு வந்துரும்” என்றேன். இன்னும் இரண்டு தடவை அதையே சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.