பனிக்காலத்தில் குளத்தையும் திறந்து வைப்பதா, ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) மட்டும் போதுமா?

டொராண்டோ பக்கம் பின்வளவில் நீச்சல் குளம் உள்ளவர்கள் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ அதை மூடிவிட்டு மே மாதம் திறப்பார்கள். பாதி ஆண்டுக்கு மேல் மூடியே கிடக்கும். இவ்வளவு செலவழித்துக் கட்டியதை ஏன் மூட வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான்.

மூடாமல் வைப்பதென்றால் உறையும் குளிரில் பம்பை விடாமல் ஓட்ட வேண்டும். டெக்சாஸில் டாலஸ் பக்கம் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். காற்று 3 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் சென்சார் தானே பம்பை ஓட்டிவிடும். ஓடுகிற தண்ணீர் குழாயில் எளிதில் உறையாது. அங்கே உறைபனி பெரும்பாலும் சில மணி நேரத்தில் விலகிவிடும் என்பதால் இது செல்லுபடியாகிறது. ஆனால் எல்லாமே மின்சாரத்தை நம்பித்தான். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் வணிக இடங்களுக்கும் மின்சாரம் போனது. பம்புகள் நின்றன, குழாய்கள் பிளந்தன. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. அந்த அழுத்தத்தை பிளாஸ்டிக் குழாய் தாங்காது. டொராண்டோவிலும் 2013 கிறிஸ்துமஸ் சமயத்து உறைமழையில் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகள் இருண்டன. இங்கே குளிர் வாரக்கணக்கில் நிற்கும்.

சூடாக்கும் கணக்கையும் பாருங்கள். 16 அடிக்கு 32 அடிக் குளத்தில் சுமார் 70,000 லிட்டர் தண்ணீர். அதை ஒரே ஒரு டிகிரி சூடேற்ற 81 யூனிட் வேண்டும். தனி ஹாட் டப்பின் 1,500 லிட்டரை 5 டிகிரியிலிருந்து 38-க்குக் கொண்டுபோக மொத்தமே 58 யூனிட்தான். சூடு போவது பெரும்பாலும் மேற்பரப்பு வழியாக. குளத்தின் பரப்பு ஹாட் டப்பைப் போலப் பத்து மடங்கு. வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து மலிவாக ஓடும் ஹீட் பம்பும் கடும் குளிரில் கைகொடுக்காது. எரிவாயு ஹீட்டர்தான் கதி.

பலர் சறுக்குவது குளத்தோடு ஒட்டிக் கட்டிய ஸ்பாவில், அதாவது சிறு வெந்நீர்த் தொட்டியில். தண்ணீர் வழிந்து குளத்தில் விழும் அழகு உண்மையிலேயே அழகுதான். ஆனால் பம்ப், ஹீட்டர், மண்ணுக்குள் போகும் குழாய் எல்லாம் பெரும்பாலும் பொதுவானவை. ஸ்பாவைச் சூடாக வைத்தால் குளத்தையும் முழுதாக மூட முடியாது. கட்டும் முன்பே ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள்: குளத்துக் குழாய்களை மட்டும் வால்வு போட்டுப் பிரித்துக் காற்றடித்து மூட முடியுமா? முடியாதென்றால் இந்த ஊருக்கு அது வேண்டாம்.

தனி ஹாட் டப்பில் பம்பும் குழாயும் வெப்பக்காப்பு போட்ட பெட்டிக்குள்ளேயே இருக்கும். மின்சாரம் போனாலும் மூடியைத் திறக்காமல் விட்டால் சூடு மெல்லத்தான் இறங்கும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2023 முதல் இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த கட்டணத் திட்டம் இருக்கிறது. சூடேற்றலை அந்த நேரத்துக்கு வைக்கலாம். தண்ணீரை நவம்பரிலேயே மாற்றிவிடுங்கள், ஜனவரியில் வடிப்பது ஆபத்து. ஈரம் ஊறிக் கனத்த மூடியையும் மாற்ற வேண்டும்.

ஆகவே என் தேர்வு: குளத்தை மூடு, தனி ஹாட் டப்பை ஓட்டு.

குளத்தை மூடும்போது ஸ்கிம்மருக்கு (மிதக்கும் குப்பையை இழுக்கும் பக்கவாய்) கீழே நீர்மட்டத்தை இறக்கி, கம்ப்ரசரால் குழாய்களை ஊதி அடைப்பான் போட வேண்டும். பம்ப், ஃபில்டர், ஹீட்டரின் வடிகால் அடைப்பான்களைக் கழற்ற மறக்கக் கூடாது. காருக்கு ஊற்றும் உறைதடுப்பான் நச்சு. குளத்துக்கென்றே விற்பதைத்தான் வாங்க வேண்டும். குளத்தை முழுதாக வடிப்பதும் தவறு, நிலத்தடி நீர் அடியிலிருந்து தூக்கிவிடக்கூடும்.

ஹாட் டப்பைக் குளத்தோரம் வைக்காமல் பின்கதவை ஒட்டி வையுங்கள். பனி தள்ள வேண்டிய தூரம் நாலடிதான் என்றால் பிப்ரவரியிலும் போய் உட்காருவீர்கள்.